பெயர்ப்பலகை உங்களுடையது, இணைய முகவரி யாருடையது?

நிலாவெளியில், கடற்கரையிலிருந்து சற்றுத் தள்ளி, எட்டு அறைகளைக் கொண்ட விருந்தினர் விடுதி ஒன்று இருக்கிறது. கடந்த பருவகாலத்தில் அங்கு வந்திறங்கிய பிரெஞ்சுத் தம்பதியினர் பையைக்கூட இறக்கி வைக்காமல் உரிமையாளரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: உங்களுடைய இணையத்தளத்தில் ஏன் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது?

அவர் உடனே தன் கைபேசியில் முகவரியைத் தட்டிப் பார்த்தார். “மேல என்ர விடுதியின்ர பேர்தான் கிடக்குது. கீழ முழுக்க சூதாட்டம். என்ர ஒரு படம்கூட இல்லை. நான் முதல்ல ஆரோ ஹக் பண்ணிப்போட்டாங்கள் எண்டுதான் நினைச்சன்” என்று என்னிடம் சொன்னார்.

யாரும் ஹக் செய்யவில்லை. 2017இல் அந்தத் தளத்தை வடிவமைத்துக் கொடுத்த இளைஞர் 2022இன் இறுதியில் மாணவர் விசாவில் இங்கிலாந்து போய்விட்டார். முகவரி அவருடைய பெயரில், அவருடைய பழைய மின்னஞ்சலைக் கொடுத்து, அவருடைய வங்கி அட்டையில் பணம் கட்டிப் பதிவு செய்யப்பட்டிருந்தது. போனவர் இங்கிருந்த வங்கி அட்டையைப் புதுப்பிக்கவில்லை. பழைய மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதும் இல்லை. “உங்கள் முகவரி காலாவதியாகப் போகிறது” என்ற அறிவித்தல்கள் அந்த மின்னஞ்சலுக்கே ஒன்றன் பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. விடுதிக்காரருக்கு ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பதிவில் அவருடைய பெயரே இல்லை. உரிய காலம் கடந்ததும் முகவரி பொதுச் சந்தைக்கு வந்தது. எங்கோ இருந்த ஒருவர் அதைச் சில டொலர்களுக்கு வாங்கிக்கொண்டார்.

வடிவமைப்பாளர் ஏமாற்றுக்காரர் அல்ல. செய்தி அறிந்ததும் வட்ஸ்அப்பில் அழைத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இந்தக் கதையில் வில்லன் என்று யாரும் இல்லை என்பதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளரின் முகவரியைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கறக்கும் வடிவமைப்பாளர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், இங்கும் இருக்கிறார்கள். ஆனால் வடக்கு கிழக்கில் நான் பேசிய சிறு வியாபாரிகளில் பெரும்பாலானோர் தங்கள் தளத்தை இழந்தது மோசடியால் அல்ல. நம்பிக்கையால், சோம்பலால், எல்லாவற்றையும் விட ஆட்கள் நாட்டை விட்டுப் போனதால்.

மேசனின் பெயரில் காணி உறுதி

இணையத்தளம் என்று ஒரே சொல்லில் நாம் குறிப்பிடுவது உண்மையில் வெவ்வேறு இடங்களில் இருக்கும் சில பொருட்களின் கூட்டு. முகவரி, அதாவது டொமைன், ஒரு பதிவு நிறுவனத்தில் இருக்கிறது. தளத்தின் கோப்புகள் ஹோஸ்டிங் எனப்படும் வாடகை இடத்தில், ஏதோ ஒரு நாட்டிலுள்ள சேவரில் இருக்கின்றன. அந்தக் கோப்புகளுக்குள் வடிவமைப்பும், நீங்கள் கொடுத்த எழுத்தும் படங்களும் இருக்கின்றன. இவற்றோடு மின்னஞ்சல், கூகுள் வரைபடத்தில் கடையின் பதிவு, பேஸ்புக் பக்கம் என்று ஒட்டிக்கொண்டு வரும் கணக்குகளும் உண்டு.

இவற்றில் வடிவமைப்பு போனால் திரும்பச் செய்யலாம். ஹோஸ்டிங் போனால் வேறு இடத்தில் வாடகைக்கு எடுக்கலாம். படங்கள் போனால், மனம் வலிக்கும்தான், புதிதாக எடுக்கலாம். முகவரி அப்படியல்ல. உலகில் அந்தப் பெயரில் ஒன்றுதான் இருக்கிறது. அது பதிவேட்டில் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரே அதன் உரித்தாளர். யார் பணம் கொடுத்தார், யாருடைய கடையின் பெயர், யார் பத்து வருடம் அதைப் பலகையில் எழுதி வைத்தார் என்பதையெல்லாம் பதிவு நிறுவனம் பார்க்காது.

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிற எவரும் காணி உறுதியை மேசனின் பெயரில் எழுதுவதில்லை. அந்த விடயத்தில் நாம் படு கவனம். அரை அடி வேலிக்காக இரண்டு தலைமுறை வழக்காடியவர்கள் நாங்கள். ஆனால் அதே ஆள், தன்னுடைய முப்பது வருடக் கடையின் பெயரை, “நீயே பாத்துச் செய் தம்பி, எனக்கு உதெல்லாம் விளங்காது” என்று சொல்லி இருபத்து மூன்று வயதுப் பையனின் பெயரில் எழுதிவிட்டு வருகிறார். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகம் ஊடாகப் பதிவு செய்யும்போது தன்னுடைய அடையாள அட்டையைக் கொண்டுபோகிறவர், இணையத்தில் பதிவு செய்யும்போது மட்டும் அருகில்கூட இருப்பதில்லை.

முகவரியோடு சேர்ந்து போவது எது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. நிலாவெளி விடுதியின் மின்னஞ்சல் அதே முகவரியில்தான் இயங்கியது. முன்பதிவுத் தளங்களில் அவர் வைத்திருந்த கணக்குகள் அந்த மின்னஞ்சலில்தான் திறக்கப்பட்டிருந்தன. முகவரியைப் புதிதாக வாங்கியவர் விரும்பினால் அதே மின்னஞ்சலை மீண்டும் உருவாக்கி, அதற்கு வருகிற எல்லாவற்றையும் வாசிக்கலாம். “கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்” என்ற பொத்தானை அழுத்தினால் கணக்குகளின் திறப்பும் அவர் கைக்கே போகும். இங்கு அப்படி நடக்கவில்லை, வாங்கியவருக்குத் தேவைப்பட்டது பழைய முகவரிக்கு கூகுளில் இருந்த மதிப்பு மட்டும்தான். பல வருடங்களாகப் பயணக் கட்டுரைகளிலிருந்து இணைப்புப் பெற்ற ஒரு முகவரி, சூதாட்டத் தளக்காரருக்குப் புதிய முகவரியை விடப் பல மடங்கு பெறுமதியானது. காலாவதியான பெயர்களை வேட்டையாடுவதற்கென்றே தானியங்கி மென்பொருட்கள் இயங்குகின்றன. உங்கள் கடை சிறியது என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1999 நத்தார் காலத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் பாஸ்போர்ட் டொட் கொம் என்ற தன் முகவரிக்கான 35 டொலரைக் கட்ட மறந்ததால் ஹொட்மெயில் பாவனையாளர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் திண்டாடினார்கள். கடைசியில் ஒரு மென்பொருளாளர் தன் சொந்த அட்டையில் அந்தப் பணத்தைக் கட்டினார். 2021 ஏப்ரலில் கூகுளின் ஆர்ஜென்டீனா முகவரியை அந்நாட்டு இளைஞர் ஒருவர் சில டொலர்களுக்குச் சட்டபூர்வமாகவே வாங்கினார். இரண்டும் விரைவிலேயே உரியவர்களிடம் திரும்பின. நிலாவெளிக்கு அந்த வசதி கிடையாது.

2022இல் என்ன நடந்தது

இந்தப் பிரச்சினை இங்கு இத்தனை பரவலாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. போருக்குப் பின்னரான முதல் பத்து வருடங்களில் வடக்கு கிழக்கில் சிறு வியாபாரங்கள் இணையத்துக்கு வந்தன. விடுதிகள், திருமண மண்டபங்கள், தையல் நிலையங்கள், பனை உற்பத்திக்காரர், தனியார் வகுப்புகள். தளம் செய்து கொடுத்தவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள்: பல்கலைக்கழக மாணவர்கள், தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா முடித்தவர்கள், பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். டொட் கொம் முகவரி வாங்க டொலரில் பணம் கட்டக்கூடிய அட்டை வேண்டும். கடைக்காரரிடம் அது இல்லை, பையனிடம் இருந்தது. ஆகவே பையனின் கணக்கில், பையனின் பெயரில் பதிவானது. கடைக்காரர் கையில் ரூபாவைக் கொடுத்தார். இதில் யாருக்கும் தவறு எதுவும் தெரியவில்லை.

பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதையே நிறுத்திவைத்தது. வங்கிகள் அட்டைகளின் வெளிநாட்டுக் கொடுப்பனவுகளைக் கட்டுப்படுத்தின. அந்த மாதங்களில் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு முகவரிப் புதுப்பித்தல் ஞாபகத்தில் இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அந்த ஆண்டில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகப் பதிவு செய்து வெளியேறியோர் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகம். மாணவர் விசாவிலும் வேறு வழிகளிலும் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. போனவர்களில் கணினி தெரிந்த இளைஞர்கள் கணிசமானோர். அவர்களுடைய மடிக்கணினிகளோடு எத்தனையோ கடைகளின் கடவுச்சொற்களும் கட்டுநாயக்கவில் விமானம் ஏறின.

இதற்கு இன்னொரு குடும்ப வடிவமும் உண்டு. இங்கு அட்டை வேலை செய்யாதபோது கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் உறவினர் பணம் கட்டினார். “மச்சான் கட்டிவிடுவார்” என்றார்கள், மச்சானும் கட்டினார், முகவரியைத் தன்னுடைய கணக்குக்கு மாற்றி. சுன்னாகத்தில் உணவுப் பொருள் ஏற்றுமதி செய்யும் ஒரு அக்காவின் தளம் இன்று ரொறன்ரோவிலுள்ள உறவினரின் பெயரில் இருக்கிறது. இருவருக்கும் இடையில் ஒரு காணி விடயத்தில் மனஸ்தாபம் வந்து பேச்சுவார்த்தை இல்லை. “தளத்தைப் பற்றி நாங்கள் சண்டை பிடிக்கவே இல்லை. ஆனா இப்ப அதைப் பற்றிக் கதைக்கவும் ஏலாது” என்கிறார் அவர். அடுத்த புதுப்பித்தல் எப்போது என்று அவருக்குத் தெரியாது. நான் தேடிப் பார்த்துச் சொன்னேன். ஐந்து மாதம் இருந்தது.

தொண்டு நிறுவனத் திட்டங்களின் கீழ் செய்யப்பட்ட தளங்கள் தனியான ஒரு சோகம். திட்டம் முடிந்ததும் அலுவலகம் மூடப்படும், ஒப்பந்தக்காரர் போய்விடுவார். கூட்டுறவுச் சங்கத்துக்கு மிஞ்சுவது திறப்பு விழாப் படம் மட்டும்.

இதையெல்லாம் எழுதுகிற நானும் யோக்கியன் இல்லை. ஊடகக் கற்கை படித்த காலத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு இணைய சஞ்சிகை நடத்தினோம். முகவரி எங்களில் கணினி தெரிந்த ஒருவனின் பெயரில் இருந்தது. அவன் அவுஸ்திரேலியா போனான், எங்களுக்கும் ஆர்வம் குறைந்தது, ஒரு நாள் தளம் இல்லை. மீள்குடியேற்றம் பற்றி நாங்கள் ஊர் ஊராகப் போய் எடுத்த நேர்காணல்கள் அதில் இருந்தன. அதில் பேசிய மூன்று பேர் இன்று உயிரோடு இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற காப்பகம் பிடித்து வைத்திருந்த சில பக்கங்களை மட்டும் மீட்டேன். ஒலிப்பதிவுகள் ஒன்றும் கிடைக்கவில்லை. யாரிடமும் பிரதி இல்லை, எல்லோரும் மற்றவரிடம் இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

முகவரி காலாவதியானால் உடனே போய்விடுவதில்லை. டொட் கொம் போன்ற பொது முகவரிகளுக்கு ஐகான் என்ற சர்வதேச அமைப்பின் விதிகள் உண்டு. காலாவதியான பின் சில வாரங்கள், கூடியது 45 நாட்கள் வரை, பதிவு நிறுவனத்தைப் பொறுத்து வழமையான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். சில நிறுவனங்கள் அதற்கு முன்பே ஏலத்தில் விட்டுவிடும். பதிவு நீக்கப்பட்டால் பின்னர் 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது, அதற்குக் கட்டணம் பல மடங்கு. அதற்குப் பின் 5 நாட்கள் யாரும் தொட முடியாது. ஆறாவது நாள் யாரும் வாங்கலாம். நிலாவெளிக்காரருக்கு இந்தக் காலம் முழுவதும் வாய்ப்பு இருந்தது. தளம் சில நாட்கள் வேலை செய்யாமல் இருந்ததை அவர் கவனித்தும் இருக்கிறார். இணைய இணைப்பின் கோளாறு என்று விட்டுவிட்டார்.

போன பின் மீட்க முடியுமா? 1999இலிருந்து ஐகானின் பிணக்குத் தீர்வு முறை ஒன்று நடைமுறையில் இருக்கிறது. முறைப்பாடு செய்பவர் மூன்று விடயங்களை நிறுவ வேண்டும். முகவரி தன்னுடைய வர்த்தகக் குறியை ஒத்திருக்க வேண்டும், மற்றவருக்கு அதில் நியாயமான உரிமை இருக்கக்கூடாது, அவர் கெட்ட நோக்கத்தோடு அதைப் பதிவு செய்து பயன்படுத்தியிருக்க வேண்டும். உலக புலமைச் சொத்து அமைப்பிடம் இதைக் கொண்டுபோவதற்கு ஒரு நடுவருக்கான கட்டணம் மட்டும் 1500 டொலர். இன்றைய பெறுமதியில் நான்கு இலட்சம் ரூபாவைத் தாண்டும். நான்கைந்து புதிய தளங்களைச் செய்து முடித்துவிடலாம்.

பணத்தை விடப் பெரிய சிக்கல் மூன்றாவது நிபந்தனை. உங்கள் வடிவமைப்பாளர் நீங்கள் கேட்டதனால்தான் அதைப் பதிவு செய்தார், உங்கள் சம்மதத்தோடு, உங்கள் கடைக்காக. பிறகு சண்டை வந்தது. பதிவு செய்தபோது கெட்ட நோக்கம் இருந்தது என்று எப்படி நிறுவுவது? இது ஒப்பந்தப் பிணக்கு, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று நடுவர் சொல்லக்கூடும். இந்த முறை அந்நியன் உங்கள் பெயரைத் திருடினால் உதவுவதற்காக அமைக்கப்பட்டது. நீங்களாகவே கொடுத்ததைத் திருப்பி வாங்குவதற்காக அல்ல.

உள்ளூர்ச் சட்டத்தில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தளத்திலுள்ள எழுத்து, படம், மென்பொருள் ஆகியவற்றின் பதிப்புரிமையைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் பக்கத்திலுள்ள எழுத்து உங்களுடையது என்று நிறுவினாலும் முகவரி உங்கள் கைக்கு வந்துவிடாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணுத் தொடர்பாடல்களுக்குச் சட்ட ஏற்பு அளிக்கிறது. ஆகவே “அண்ணை, உங்கட பேரில எடுத்துத் தாறன்” என்று வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருப்பது வீண் அல்ல. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியற்ற நுழைவைக் குற்றமாக்குகிறது. ஆனால் தன் சொந்தக் கணக்கில் தானே நுழைபவர் என்ன குற்றம் செய்தார்? சட்டம் இருக்கிறது, அது வந்து சேரும் இடம் வேறு. எதிராளி இங்கிலாந்தில் இருக்கிறார், பதிவு நிறுவனம் அமெரிக்காவில் இருக்கிறது, கடை திருகோணமலையில் இருக்கிறது என்ற நிலையில் எந்தச் சட்டத்தரணியும் உற்சாகமாகக் கோப்பைத் திறக்க மாட்டார்.

வடிவமைப்பாளரின் பக்கம்

யாழ் நகரில் பத்து வருடங்களாகத் தளங்கள் செய்யும் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பாதிக் காசு தந்திட்டு மிச்சம் பிறகு எண்டுவினம். தளம் ஓடத் துவங்கின பிறகு போனே எடுக்க மாட்டினம். டொமைனும் அவையிட்டக் குடுத்திட்டன் எண்டா நான் எதைப் பிடிக்கிறது?” மின்னஞ்சல் முகவரியே இல்லாத வாடிக்கையாளர்கள், அனுப்பிய கடவுச்சொல்லை மூன்று முறை தொலைத்தவர்கள், ஒருமுறை கொடுத்த பணத்துக்கு ஆயுள் முழுக்க இலவசமாகத் திருத்தம் கேட்பவர்கள் என்று அவரிடம் நீண்ட பட்டியல் இருந்தது. புதுப்பிக்கும் கட்டணத்தைக் கேட்டால் “போன வருசம்தானே தந்தன்” என்பார்களாம்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேலைக்குக் கூலி கிடைப்பதற்கு இங்கு வேறு பாதுகாப்பு இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் என்னால் அவரோடு முழுதாக உடன்பட முடியவில்லை. கூலி வராவிட்டால் செய்த வேலையைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாம், தளத்தை வெளியிடாமல் இருக்கலாம். கடையின் பெயரைப் பணயம் வைப்பது வேறு விடயம். தையற்காரர் காசு வரும்வரை சட்டையைத் தராமல் இருப்பார், உங்கள் அடையாள அட்டையை வாங்கி வைக்க மாட்டார். முற்பணம், இடைக்கொடுப்பனவு, ஒப்படைக்கும்போது மீதி என்று எழுதிவைத்தால் அவருடைய பயத்துக்குப் பதில் கிடைக்கும். பணம் முழுவதும் வந்த பிறகுதான் கோப்புகள் வாடிக்கையாளரின் ஹோஸ்டிங்குக்கு ஏறும் என்று சொல்லிவிடலாம். முகவரி மட்டும் முதல் நாளிலிருந்தே கடைக்காரருடையதாக இருக்க வேண்டும். அந்த ஒழுங்கு அவருக்கும் நல்லது. நாற்பது கடைகளின் முகவரிகளைத் தன் பெயரில் சுமக்கிற ஒருவருக்கு நாளை ஒன்று நடந்தால் அந்த நாற்பது கடைகளும் அவருடைய வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மனிசிக்கு என்ர பாஸ்வேர்ட் ஒண்டும் தெரியாது” என்றார்.

முதல் நாளில் செய்ய வேண்டியது

அடிப்படையில் வேலை சிறியது. கடைக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்குங்கள், ஜிமெயில் போன்ற ஒரு பொதுச் சேவையில். உங்கள் சொந்த டொமைனில் இயங்கும் மின்னஞ்சலை இதற்குக் கொடுக்க வேண்டாம். டொமைன் போனால் அதை மீட்பதற்கான கடிதமும் அந்த மின்னஞ்சலோடு போய்விடும். அந்தக் கணக்கை உங்கள் கைபேசி எண்ணோடு இணைத்து, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். பிறகு வடிவமைப்பாளரைப் பக்கத்தில் இருத்தி, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் டொமைனை வாங்குங்கள். அவருடைய அட்டையில் பணம் கட்டினாலும் பரவாயில்லை, பதிவுப் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். வசதியிருந்தால் பல வருடங்களுக்கு ஒன்றாகக் கட்டுங்கள், டொட் கொம் முகவரிக்கு 10 வருடம் வரை கட்டலாம். டொலர் மறுபடி ஓடினாலும் அத்தனை வருடம் நிம்மதி.

வடிவமைப்பாளருக்கு வேலை செய்ய உங்கள் பிரதான கடவுச்சொல் தேவையில்லை. பதிவு நிறுவனங்கள் பலவற்றிலும், ஹோஸ்டிங்கிலும், வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருட்களிலும் அவருக்கென்று தனி அனுமதி கொடுக்க முடியும். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். கூகுள் வரைபடப் பதிவிலும் பேஸ்புக் பக்கத்திலும் இதே ஒழுங்குதான்: முழு அதிகாரம் உங்களிடம், குறைந்த அதிகாரம் அவரிடம். ஒப்படைக்கும் நாளில் தளத்தின் முழுப் பிரதியையும் ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். வடிவமைப்புக்காகக் கட்டணம் கொடுத்து வாங்கிய தீம், பிளகின் எதுவும் யாருடைய பெயரில் உரிமம் பெற்றிருக்கிறது என்று கேளுங்கள். அவருடைய பெயரில் இருந்தால் அவர் நிறுத்தும்போது உங்களுக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் நின்றுபோகக்கூடும். சில தளக் கட்டுமான சேவைகளில் செய்த தளத்தை அங்கிருந்து வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவே முடியாது, அதையும் முதலிலேயே கேட்பது நல்லது. பழைய தளங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கங்கள் இருந்தால், மாற்றும்போது யுனிகோடுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இது என் சொந்த எரிச்சல், ஆனால் தேடினால் கிடைக்காத தமிழ் இருந்தும் பயனில்லை.

டொட் எல்கே முகவரி ஒரு நல்ல மாற்று. அதை நிர்வகிக்கும் பதிவகம் இங்கேயே இருக்கிறது, கட்டணத்தை ரூபாவில் செலுத்தலாம், பிரச்சினை என்றால் இந்த நாட்டு எண்ணுக்குத் தொலைபேசி எடுக்கலாம். தமிழிலேயே டொட் இலங்கை என்ற முகவரியும் 2010இலிருந்து இருக்கிறது, கடைப் பலகைகளில் அதை ஏனோ காணக் கிடைப்பதில்லை. உள்ளூர் என்பதால் முழுப் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி கூகுளின் இலங்கை முகவரி உட்படச் சில டொட் எல்கே முகவரிகள் திசைதிருப்பப்பட்டு, தேயிலைத் தொழில், ஊடக சுதந்திரம், சிறுபான்மையினர் பிரச்சினைகள் பற்றிய ஒரு பக்கத்துக்குப் போயின. அது விரைவில் சரிசெய்யப்பட்டது. அங்கும் முகவரி யாருடைய பெயரில் இருக்கிறது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

ஏற்கனவே தளம் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு காரியம் செய்யலாம். ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் உங்கள் டொட் கொம் முகவரியைக் கொடுங்கள். எந்தப் பதிவு நிறுவனம், எந்தத் திகதியில் காலாவதியாகிறது என்பது தெரியும். 2018இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் வந்த பிறகு உரித்தாளரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். பெயர் தெரியாவிட்டால் வடிவமைப்பாளரிடம் கேளுங்கள், அவரோடு உறவு நன்றாக இருக்கும்போதே. அவர் அதே பதிவு நிறுவனத்தில் உங்கள் கணக்குக்கு மாற்றித் தரலாம், பல இடங்களில் இது சில நிமிட வேலை. வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதானால் ஒரு இரகசியக் குறியீடு வேண்டும். உரித்தாளர் கேட்டால் பதிவு நிறுவனம் 5 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கேட்க வேண்டியவர் உரித்தாளர், அதாவது அவர்தான், நீங்கள் அல்ல. அண்மையில் பதிவான அல்லது மாற்றப்பட்ட முகவரிகளை 60 நாட்களுக்கு நகர்த்த முடியாமலும் இருக்கலாம். ஆகவே காலாவதித் திகதி நெருங்கியிருந்தால் முதலில் புதுப்பித்துவிட்டுப் பிறகு மாற்றுவது புத்திசாலித்தனம்.

சுன்னாகத்து அக்காவுக்கும் இதைத்தான் சொன்னேன். அவர் உறவினரிடம் நேரே பேசவில்லை. உறவினரின் மகளுக்கு, பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்கு, குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். “பிள்ளை, அப்பாட்டச் சொல்லி இதை என்ர பேருக்கு மாத்தி விடச்சொல்லு, மற்றதுகள் பிறகு பாப்பம்.” நான் இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

நிலாவெளிக்காரர் புதிய முகவரி ஒன்றை எடுத்துவிட்டார், பழைய பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து. இங்கிலாந்திலிருக்கும் இளைஞர்தான் இரவில் வீடியோ அழைப்பில் இருந்து ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பணத்தையும் தானே கட்டுவதாகச் சொன்னாராம். “காசைக் கட்டு தம்பி, அது உன்ர விருப்பம். ஆனா பேர் என்ர பேர்” என்று இவர் சொல்லியிருக்கிறார். பிரதான வீதியோரத்திலுள்ள பலகையில் இன்னும் பழைய முகவரிதான் இருக்கிறது. பருவகாலம் முடிந்ததும் பெயின்ட் அடிக்கிறவர் வருவார் என்றார்.